மேற்கே போன ஓடையைக் கிழக்கே திருப்பியது பற்றி

பெர்ஸ்கால்ன்,
மார்ச் கடைசி வாரம்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய மிர்த்சா அக்காவுக்கு,

தம்பி ஓயார்ஸ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான், கடை, நாய் மூவரும் சுகம். அங்கே லியெபாயாவில் உன் முழங்கால் வலியும் அத்தானின் இருமலும் கடல் காற்றுக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். அடங்காவிட்டால் இந்தக் கடிதத்தை அடங்கிய பிறகு படிக்கவும்.

உன் சிநேகிதி பெர்டா, கோவிலில் ஆர்கன் வாசித்த கையோடு உனக்கு போன் போட்டு மூன்று செய்தி சொன்னாள் என்றும், அவை உண்மையா பொய்யா என்று ஒரே வரியில் பதில் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். ஓயார்ஸ் ஏசுவை விட்டுவிட்டுப் பழைய சாமிகளைக் கும்பிடும் சபையில் சேர்ந்துவிட்டான். ஓயார்ஸ் ஊர் ஓடையைத் திருடிவிட்டான். ஓயார்ஸ் உன்னுடைய நீராவிக் குளியல் குடிலுக்குள் தண்ணீரை விட்டுவிட்டான். ஒரே வரியில் பதில்: மூன்றும் உண்மை. ஆனால் பெர்டா காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்துக்கு ஒரு வரி போதாது என்பதால் இத்தனை தாள். காரணம் வெல்டா.

வெல்டாவை உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவள், இப்போது நம் ஊருக்கும் வால்மியேராவுக்கும் நடுவே பஸ் ஓட்டுகிறாள். புருஷன் காளான் பண்ணை வேலைக்கு அயர்லாந்து போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். அவனிடமிருந்து விவாகரத்து வாங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. என் பெண்டாட்டி பிருதா கண்ணை மூடிய பிறகு நான் இருந்த இருப்பை நீயே வந்து பார்த்தாய். கடையைப் பூட்டிய பிறகும் வீட்டுக்குப் போக மனம் வராமல் ஆணிப் பெட்டிகளை அளவு வாரியாக அடுக்குவேன், பிறகு கலைத்து விலை வாரியாக அடுக்குவேன். நான் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன், அக்கா. போன இலையுதிர் காலத்தில் வெல்டா அடுப்புப் புகைக்குழாய் வாங்கக் கடைக்கு வந்தபோது, குழாயை அளந்துகொண்டே கேட்டுவிட்டேன்.

“வெல்டா, எனக்கு அம்பத்தெட்டு வயசு. பல்லு எல்லாம் சொந்தப் பல்லு. கடன் கிடையாது. வீட்ல பாதி என்னுது. நீ என்ன சொல்றே?”

“ஏன்யா, கல்யாணம் கேக்குறியா, பழைய ட்ராக்டர் விக்கிறியா?”

“எனக்கு ரெண்டுக்கும் பேச்சு ஒண்ணுதான்.”

அவள் சிரித்தாள். சிரித்தாளே தவிர மாட்டேன் என்று சொல்லவில்லை. முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவனுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போகுமா? குழாயைத் தோளில் சாத்திக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி, “எங்க சபைக்கு வந்துட்டு இரு. நீ எப்படிப்பட்ட ஆளுன்னு பாக்குறேன். பெரிய நாள் அன்னிக்குப் பதில் சொல்றேன்” என்றாள்.

மார்ச்சில் வருகிற பெரிய நாள் பண்டிகையில் பதில் என்றால் எப்படி வரும் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஊஞ்சல் கட்டி ஆட்டிவிட்டவனுக்குப் பெண்கள் வெங்காயத் தோலில் வேகவைத்த சிவப்பு முட்டை கொடுப்பார்கள். அது வெறும் நன்றி, யார் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தன் கையால் பின்னிய கம்பளிக் கையுறை ஒரு ஜோடி கொடுத்தால் அது நன்றி இல்லை, கல்யாணச் சம்மதம். நீ அத்தானுக்குக் கொடுத்த சாம்பல் நிறக் கையுறையை அவர் இன்றைக்கும் மீன் பிடிக்கப் போகும்போது மாட்டிக்கொள்கிறார். ஆக, இலையுதிர் காலத்திலிருந்து மார்ச் வரை உன் தம்பி, ஊரில் பெரிய சிமெண்ட் வியாபாரி, இரவும் பகலும் ஒரு ஜோடி கையுறையை நினைத்துக்கொண்டு வாழ்ந்தான். நான் சபையில் சேர்ந்தது இதற்குத்தான். சாமிக்காகச் சேர்ந்தேன் என்று சொன்னால் பெரும் பொய்.

சபை என்றதும் நீ பயப்படுகிற மாதிரி அங்கே ஒன்றும் நடப்பதில்லை. தீ மூட்டுகிறார்கள், சுற்றி நிற்கிறார்கள், தீக்குக் கொஞ்சம் ரொட்டியும் கொஞ்சம் பீரும் கொடுக்கிறார்கள், மிச்சத்தை நாம் சாப்பிடலாம், பிறகு பாட்டு. பாட்டு நிறைய. உன் ஈஸ்டர் ஒரு வருஷம் மார்ச்சில் வருகிறது, மறு வருஷம் ஏப்ரலில் வருகிறது. இவர்களுடைய பெரிய நாளோ பகலும் இரவும் சமமாகும் நாளில் வந்து நிற்கிறது. சரக்கு எப்போது வரும் என்று நிச்சயமாகச் சொல்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும். சபையில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் வில்னிஸ்.

வில்னிஸ் ரிகாவில் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்று இங்கே வீடு வாங்கி வந்தவர். நெஞ்சு வரை தாடி. மடியில் கோக்லேயை வைத்துக்கொண்டு நரம்பை மீட்டினால் ஆடு மாடு கூட நின்று கேட்கும். காதல் பாட்டு வரும்போது தீயைப் பார்த்துப் பாடாமல் வெல்டாவைப் பார்த்துப் பாடுவார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், அவர் சொல்வதெல்லாம் சரியாக இருப்பதுதான் பொறுக்க முடியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லட்டும், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தேன். மனுஷன் சொல்லவே இல்லை.

இப்போது ஓடை. பெரிய நாள் அன்று சூரியன் எழும்முன் சூரியனைப் பார்த்து ஓடுகிற தண்ணீரில் முகம் கழுவ வேண்டும், கழுவி முடிக்கிறவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கழுவினால் வருஷம் முழுக்க நோய் அண்டாது, சோம்பல் வராது. நம் ஊர் ஓடை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். நாம் சின்ன வயதில் விட்ட காகிதக் கப்பல் எல்லாம் மேற்கே போனது. அதனால் வெல்டா வருஷா வருஷம் சபையை இருட்டிலேயே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அடுத்த வட்டாரத்தில் கிழக்கே ஓடும் ஒரு வாய்க்காலுக்குக் கூட்டிப்போவாள். இந்த வருஷம் பஸ்ஸை ராத்திரியில் டிப்போவிலேயே விட வேண்டும் என்று உத்தரவு வந்துவிட்டது. பிப்ரவரிக் கூட்டத்தில் வெல்டா இதைச் சொன்னதும் எல்லாரும் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் மட்டும்தான் வாயைத் திறந்தேன்.

“கிழக்கால ஓடுற தண்ணிதானே வேணும்? என் கடையில கூரைத் தண்ணிக் குழாய் இருக்கு. மேட்டுல ஒரு பீப்பாயை வெச்சுக் குழாயைக் கிழக்கால திருப்பி விட்டா...”

“அதுக்குப் பேர் ஓடை இல்லீங்க ஓயார்ஸ்” என்றார் வில்னிஸ், ரொம்ப மரியாதையாக. “குழாயடி.”

“தண்ணிக்குத் தெரியவா போகுது?”

“சூரியனுக்குத் தெரியுமே.”

எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கே தலை ஆடிவிட்டது. வெல்டா கோப்பைகளை எடுத்துக்கொண்டே, “விடுங்கப்பா. எங்கம்மா சோவியத் காலத்துல கட்சிக்காரங்க கண்ணுல படாம ஒளிஞ்சு ஒளிஞ்சு போய்க் கழுவிட்டு வருவா. அந்தக் காலத்துலயே விட்டுப் போனதில்ல. இந்த வருஷம் விட்டுப்போச்சு, அவ்வளவுதான்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சாக்கில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். ஒரே கோப்பையைத்தான் கழுவிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே யூரிஸுக்கு போன் போட்டேன்.

யூரிஸ் மண் தோண்டும் இயந்திரம் வைத்திருக்கிறான். திட்டத்தைக் கேட்டதும், “முதலாளி, தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தான் போகும், சாமியைப் பாத்துப் போகாது” என்றான். அப்படியானால் கிழக்கே பள்ளம் வெட்டு என்றேன். ஓடையை ஒரு முழங்கை மாதிரி வளைத்து, ஒரு லாரி நீளத்துக்குக் கிழக்கே ஓடவிட்டு, மறுபடி திருப்பிப் பழைய வழியில் சேர்த்துவிட வேண்டும். பழைய வழியைக் கல் போட்டு அடைத்தோம். என் வேனில் இரண்டு நடை அடித்து சபையை அடுத்த வட்டாரத்துக்குக் கொண்டுபோயிருந்தால் காரியம் முடிந்திருக்கும் என்று யூரிஸ் இப்போது சொல்கிறான். அப்போது சொல்லவில்லை, அவனுக்கு மணிக்கூலி. நடுவில் உன் பங்கு நிலம் குறுக்கிட்டது. உன்னைக் கேட்டிருக்கலாம்தான். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நீ வேண்டாம் என்ற பிறகு வெட்டினால் உன் மனம் புண்படும். உன் மனம் புண்படக் கூடாது என்பதற்காகவே கேட்காமல் வெட்டினேன்.

வெட்டி முடித்த அன்று வில்னிஸ் திசைகாட்டியோடு வந்தார். குனிந்து பார்த்தார், தூரத்துப் பைன் மரங்களைப் பார்த்தார், “கொஞ்சம் தெற்கால சாய்ஞ்சிருக்கு. ஆனா நல்ல மனசோட வெட்டியிருக்கீங்க” என்றார். நல்ல மனசு என்று சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது. மறுபடி யூரிஸை வரவழைத்து அந்தத் தெற்குச் சாய்வையும் நிமிர்த்தினேன். தண்ணீர் அழகாகக் கிழக்கே போனது. வெல்டா கரையில் நின்று, பஸ் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.  கையுறை வந்த மாதிரிதான் என்று நான் வீட்டுக்குப் போய்க் கையைக் கூட அளந்து பார்த்துக்கொண்டேன்.

பெரிய நாளுக்கு முந்தின நாள் காற்று திடீரென்று தெற்கிலிருந்து அடித்தது. மேட்டுப் பனியெல்லாம் ஒரே நாளில் உருகிவிட்டது. விடியும் முன் நாங்கள் பத்தொன்பது பேர் தோளில் துண்டோடு, வாயைத் திறக்காமல், ஒருவர் பின் ஒருவராக ஓடைக்கு இறங்கினோம். வானம் வெளுத்துவிட்டது. பார்த்தால் என் வளைவின் கிழக்கு முனையில் பனிக்கட்டிப் பாளமும் மரக்கிளையுமாக வந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. முன்னே போக வழியில்லாமல் தண்ணீர் தேங்கி, பொங்கி, நிதானமாகப் பின்னோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. வில்னிஸ் வில்லோ மரத்திலிருந்து ஒரு பஞ்சுமொட்டைக் கிள்ளித் தண்ணீரில் போட்டார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மேற்கே கிளம்பியது. பத்தொன்பது பேரும், என்னைச் சேர்த்துத்தான், அந்த மொட்டையே பார்த்தோம். பிறகு பதினேழு பேர் என்னைப் பார்த்தார்கள். முகம் கழுவாமல் யாரும் பேசக் கூடாது. அக்கா, நீயும் அம்மாவும் சேர்ந்து திட்டியே நான் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு வார்த்தைகூட இல்லாத திட்டை நான் வாங்கியதில்லை. நான் கையை ஆட்டி, எல்லாரும் திரும்பி நின்றுகொண்டு கழுவினால் என்ன என்று ஜாடையில் கேட்டேன். வில்னிஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

வெல்டா மட்டும் யாரையும் பார்க்கவில்லை. ரப்பர் பூட்ஸோடு தண்ணீருக்குள் இறங்கி, அது போகிற வழியிலேயே போனாள். கரையை வழிந்து, புல்வெளியைச் சுற்றி, தண்ணீர் உன் குடிலின் மேற்குக் கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவளும் நுழைந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே வந்து, வா வா என்று எங்களை அழைத்தது. உள்ளே போய்ப் பார்த்தால், கதவு வழியாக வந்த தண்ணீர் உன் தரைப் பலகை மேல் தெளிவாக ஓடி, எதிர்ச் சுவரின் அடியில் நீ நாலு வருஷமாக மாற்றச் சொல்லி நான் மாற்றாமல் விட்ட அந்த உளுத்த பலகையின் ஓட்டை வழியாக வெளியே போகிறது. அந்தச் சுவர் கிழக்குச் சுவர். வட்டாரத்திலேயே அன்று சூரியனைப் பார்த்து ஓடிய ஒரே தண்ணீர் உன் குடிலுக்குள்தான் ஓடியது. நீ சொன்ன வேலையை நான் ஒழுங்காகச் செய்திருந்தால் எல்லாம் கெட்டிருக்கும் என்பதை இந்த இடத்தில் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

வியர்வை வர உட்காருகிற பலகைகளில் தாழ்ந்ததில் நால்வர் நால்வராக ஏறி உட்கார்ந்துகொண்டு, ஆளுக்கு ஆள் இடம் விட்டு, குனிந்து முகம் கழுவினோம். அப்போது சூரியன் வந்தது. எங்கேயிருந்து வந்தது தெரியுமா? அந்த ஓட்டை வழியாக. தண்ணீர் வெளியே போக, வெளிச்சம் உள்ளே வர, இரண்டும் ஒரே ஓட்டையில். கூரை அடியெல்லாம் பொன்னாக ஆடியது. வெல்டாவின் முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கண்ணிலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். நான் எதற்கும் விலை போட்டுவிடுகிறவன், அதற்குப் போடத் தெரியவில்லை. முகம் கழுவி முடித்து அந்தப் புனித நாளில் முதன்முதலாக வாய் திறந்து பேசியது வெல்டாதான். “மிர்த்சா அக்காவுக்கு யாரு சொல்றது?” என்றாள்.

பதினாறு பேர் சொல்லி வைத்தாற்போல் என்னைக் காட்டினார்கள். வில்னிஸ் மட்டும், “முன்னெல்லாம் குழந்தை பிறக்கறதே இந்த மாதிரிக் குடில்லதான். லைமா தெய்வம் வந்து நிக்கிற இடம். இதைவிடச் சரியான இடம் கிடைச்சிருக்காது” என்றார். இதிலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது.

பிறகு மேட்டில் ஊஞ்சல். ஊஞ்சல் ஆடினால்தான் கோடையில் கொசு கடிக்காது என்பது உனக்கே தெரியும், நீ ஞானஸ்நானம் வாங்கியவளாக இருந்தாலும் ஒரு வருஷமும் ஆடாமல் விட்டதில்லை. ஊஞ்சலைக் கட்டியது நான். ஓக் மர உத்தரம், இரண்டு பக்கமும் பிர்ச் கம்பு, நடுவில் பலகை. வழக்கமாக உத்தரத்தில் மரமும் மரமும் உரசிக் கிரீச்சிடும். நான் கடைச் சரக்கில் உயர்ந்த பேரிங் நாலு போட்டு கிரீஸ் தடவிவிட்டேன். வெல்டாவும் நானும் பலகையில் எதிரும் புதிருமாக நின்று ஏறினோம், மற்றவர்கள் தள்ளிவிட்டார்கள். அக்கா, நல்ல பேரிங் என்றால் என்ன என்று நான் வாடிக்கையாளர்களிடம் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். எனக்கே அன்றுதான் புரிந்தது. அது நிற்கவே இல்லை. அவள் மேலே போகும்போது நான் கீழே, நான் மேலே போகும்போது என் வயிறு கீழே.

“ஓடைய ஏன்யா திருப்பினே?” என்றாள் மேலிருந்து.

“நீதானே தண்ணி இல்லேன்னே!”

“இல்லேன்னுதான் சொன்னேன். கொண்டான்னு சொல்லலையே?”

“என் தொழில்ல ரெண்டும் ஒண்ணுதான்!”

“எல்லாத்தையும் மிஷின் வெச்சுத் திருப்பிட முடியுமா?”

“ஏன், முடிஞ்சுதே! ராத்திரி வரைக்கும் சரியாத்தானே போச்சு!”

அவள் சிரித்த சிரிப்பில் ஊஞ்சல் இன்னும் ஒரு முழம் உயர்ந்தது.  காலையில் தின்ற பன்றிக்கறி ரொட்டி தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்தது. “கண்ண மூடாதய்யா, என்னைப் பாரு, மயக்கம் வராது” என்றாள். பார்த்தேன். மயக்கம் வரத்தான் செய்தது. கடைசியில் யூரிஸ் கம்பைக் கட்டிப்பிடித்து, காலால் மண்ணை உழுதுகொண்டே கொஞ்ச தூரம் இழுபட்டு, ஊஞ்சலை நிறுத்தினான்.

இறங்கியதும் வெல்டா தன் கூடையை எடுத்தாள். எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஊரில் எதுதான் தெரியாமல் இருக்கிறது? கூடைக்குள் கையை விட்டாள். நான் கையை நீட்டினேன். ஒரு முட்டை. சிவப்பாக, நன்றாக வெந்த, நல்ல முட்டை. அடுத்தது வில்னிஸுக்கு ஒரு முட்டை. யூரிஸுக்கு ஒரு முட்டை. கூடையில் முட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதை நான் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். “நல்ல நாளா இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, கால் நனைந்திருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

பண்டிகை முடிந்ததும் ஊஞ்சலை எரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் சூனியக்காரிகள் வந்து ஆடுவார்கள். அந்த ஓக் உத்தரத்தை மறுபடி விற்கலாம் என்று நான் முதலிலேயே ஒரு ஆளைப் பார்த்து வைத்திருந்தேன். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டு நானே தீ வைத்தேன். பேரிங்கைக் கூடக் கழற்றவில்லை. இதற்கு மேல் என் மனநிலையை உனக்கு எழுத வேண்டியதில்லை. வில்னிஸ் பக்கத்தில் வந்து நின்று, பாட்டு எதுவும் பாடாமல், தன் முட்டையைப் பாதி பிட்டு உப்புத் தொட்டு எனக்குக் கொடுத்தார். அந்த மனுஷனை வெறுக்கக் கூட முடியாமல் போய்விட்டது.

எனவே அக்கா, உன் தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது. கேட்டேன், பதில் கிடைத்தது, வியாபாரம் படியவில்லை. படியாத வியாபாரத்தின் வாசலில் நின்றுகொண்டிருப்பது என் பழக்கமில்லை. வரும் திங்கட்கிழமை யூரிஸ் வந்து வளைவை மூடி ஓடையைப் பழையபடி மேற்கே விட்டுவிடுவான். உன் குடிலின் தரையைக் காயவைத்து அந்த உளுத்த பலகையையும் மாற்றிவிடுகிறேன். சபைக்கு இனிப் போவதில்லை. ஈஸ்டருக்கு நீ வரும்போது கோட்டு போட்டுக்கொண்டு உன்னோடு கோவிலுக்கு வருகிறேன், பெர்டாவின் கண்ணில் படும்படி முன் வரிசையிலேயே உட்காருகிறேன். அப்பா பிரித்துக் கொடுத்தபடி வீட்டின் மேற்குப் பாதி எனக்கு, கிழக்குப் பாதி உனக்கு; இனி உன் பங்கில், நிலமானாலும் சுவரானாலும், உன்னைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம், அவருக்கு நிறைய மீன் கிடைக்கட்டும். பிள்ளைகளுக்கு அன்பு. உன் சாமி உன்னையும், வேறு ஏதாவது சாமி சும்மா இருந்தால் என்னையும் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் சொல்லுக்குக் கட்டுப்பட்ட தம்பி,
ஓயார்ஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். இன்று காலை கடை திறந்ததும் வெல்டா பஸ்ஸை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். பஸ்ஸுக்குள் பத்துப் பேர் காத்திருந்தார்கள். “உன் கடையில ஜன்னல் சட்டம் என்ன அளவுல இருக்கு?” என்றாள். எந்த வீட்டுக்கு என்றேன். “உன் வீட்டுக்குத்தான். கிழக்கால ஒரு வெளிச்சம் இல்ல, குகை மாதிரி இருக்கு. அன்னிக்கு அந்த ஓட்டையில வந்துதே, அது மாதிரி காலையில சூரியன் வரணும். வராத வீட்ல என்னால குடித்தனம் பண்ண முடியாது.” எனக்குக் கையில் இருந்த அளவுநாடா சுருண்டு போய்விட்டது. அப்படியானால் கையுறை ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். “எனக்குப் பின்னத் தெரியாதுய்யா. பள்ளிக்கூடத்துல என் கையுறையை டீச்சர் எல்லா வகுப்பு முன்னாடியும் தூக்கிக் காட்டி எல்லாரும் சிரிச்சாங்க, நீயும்தான் சிரிச்சே. அது கூட ஞாபகமில்லாமயா என்னைக் கட்டிக்க வந்தே? சரி, பத்தொம்பது பேர் முன்னாடி பதில் சொல்ல நான் என்ன பஸ் ஸ்டாண்டு மைக்கா?” வெளியே பஸ்ஸில் யாரோ ஹாரன் அடித்தார்கள். “அடிக்கட்டும், கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு சொல்லு” என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் தேதியும் உன் விலாசமும் தவிர மற்றதைப் பொருட்படுத்த வேண்டாம். ஓடை இருக்கிறபடி இருக்கும். உன் குடிலின் ஓட்டையை அடைக்கக் கூடாது என்று சபை ஒரு மனதாக முடிவு செய்திருக்கிறது, முன்மொழிந்தது வில்னிஸ். ஈஸ்டர் அன்று கோவிலுக்கு என்னால் வர முடியாது, கல்யாணத்துக்குத் தச்சு வேலை இருக்கிறது. கல்யாணம் ஜூனில், நீயும் அத்தானும் இல்லாமல் நடக்காது. ஜன்னல் விஷயம்: வீட்டின் கிழக்குச் சுவர் முழுக்க உன் பங்கில், நீ படுக்கும் அறையில் இருக்கிறது. அதனால் உன் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது என்று யூரிஸிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். அவன் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, இயந்திரச் சத்தம். இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வெளிச்சம் நன்றாகவே வருகிறது. கண்ணாடி வரும்வரை பிளாஸ்டிக் தாள் அடித்திருக்கிறேன். ஈஸ்டருக்கு வரும்போது தடித்த போர்வையாக ஒன்று கொண்டு வரவும்.